பாளம்

மார்பகத்தைப் படமெடுக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில், மார்பகத்தின் இடத்தில் அக்ரிலிக் பாளத்தை வைத்து, அதன்மேல் கதிர்மானியைப் பொருத்துகிறாள் கதிர்வீச்சை அளப்பவள். அழுத்துதட்டு முனகிக்கொண்டே இறங்குகிறது. தடுப்புக்குப் பின்னால் சென்று பொத்தானை அழுத்துகிறாள். இருக்கவேண்டிய கதிர்வீச்சின் அளவைப்போல் மும்மடங்கு திரையில் ஒளிர்கிறது. மானிதான் பழுதாக இருக்கவேண்டும் என்று அதைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்துகிறாள். அதுவும் அதே எண்ணைக் காட்டுகிறது. இவள் கெஞ்சியும் அதட்டியும் ஆண்டுதோறும் இதே இயந்திரத்திற்கு அனுப்பிவைத்த தங்கை, இன்றும் படமெடுக்க வந்து காத்திருப்பவள், கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிறாள். "அக்கா, வருஷா வருஷம் என்னை நசுக்கினது போதாதா? அந்தப் பாளத்துக்கு மட்டும் வாயிருந்தா ஊரையே கூட்டியிருக்கும்!" "கதவைச் சாத்துடி. இன்னும் ஒரே ஒரு தடவை." தங்கையின் சிரிப்பு கதவுக்கு வெளியே தேய்கிறது. மறுபடியும் அழுத்துகிறாள். மறுபடியும் அதே எண். துடைக்க ஒன்றுமில்லாத பாளத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து பொருத்துகிறாள்.