பதிவில் இல்லாத விரல்

ஸ்கேன் திரையில், மொச்சைக்கொட்டை அளவே இருந்த கருவின் வலக்கையில் ஆறு விரல் மொட்டுகள் தெரிந்தன. மரபணுவைத் திருத்தும் மருந்து ஊசியில் தயாராக இருந்தது. விரல்கள் பிரிந்துவிட்டால் அது பயன்படாது.

“அப்பாவோட சம்மதம் வேணும். சீக்கிரம் ரேகை வைங்க சார்,” என்றார் டாக்டர் ரெஜினா.

தில்லைநாயகம் பேன்ட் பையிலிருந்து வலக்கையை எடுக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

“வைங்களேன். நீங்க பட்டது போதாதா? நம்ம பிள்ளையும் படணுமா?” படுக்கையிலிருந்த மனைவி அமுதினி கெஞ்சினாள்.

அவன் கையை எடுத்துக் கருவியில் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்பு.

“சார், எந்த விரலை வைக்கிறீங்க? அது பதிவிலேயே இல்லையே!”

கட்டைவிரலை ஒட்டி முளைத்திருந்த ஆறாவது விரலை அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான்.

“எடுக்கறதா வேணாமான்னு இதுகிட்டதானே கேக்கணும்?”