கட்டையில் இருந்த நாலு வெட்டு

ஷார்ஜாவின் பழம்பொருள் கடைக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. மேசைமேல் பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்று. பேரன் கல்யாண ஆட்டத்தில் சுழற்றுவதற்காக அதைத் துடைத்துவைக்கச் சொல்லியிருந்த கிழவர் சாலிம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர் காஜா இரும்பில் சாக்பீஸ் தூளைத் தேய்த்து ஊதுகிறார். மங்கிய குறிகள் வெள்ளையாக எழும்புகின்றன. கிரீடம், 1917, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அம்புமுத்திரை என்று அவர் அரபியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கிழவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் கண் துப்பாக்கியின் மரக்கட்டையில் எதையோ தேடி மேலும் கீழும் அலைகிறது. பிறகு மெல்ல ஏதோ கேட்கிறார். காஜா பக்கத்தில் நிற்கும் தச்சனிடம் திரும்பித் தமிழில் கேட்கிறார்.

“கருப்பணா, இந்தக் கட்டையில நாலு வெட்டு இருந்துச்சா?”

“இருந்துச்சு பாய். கீறல்னு நெனச்சு காலையில உப்புத்தாள் போட்டு எடுத்துட்டேன்.”

“அவரோட வாப்பா வெட்டுனதாம்பா. சின்னதுலயே மவுத்தாப்போன பிள்ளைங்களுக்கு, ஆளுக்கு ஒண்ணுன்னு.”

தச்சன் கருப்பணனின் முழங்கை மயிரில் அந்த மரத்தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. காஜா அரபியில் விஷயத்தைச் சொன்ன பிறகும் கிழவர் திட்டவில்லை. மர்யம், சைஃப், ஹமத், ஷம்மா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே கட்டையில் நாலு இடத்தில் கட்டைவிரலை அழுத்துகிறார். மதியம் அடித்த பாலிஷ் காயவில்லை. நாலு ரேகையும் அப்படியே பதிந்து நிற்கின்றன. ரேகை விழுந்த மரத்தை உடனே துடைத்துவிடுவது கருப்பணனின் கைப்பழக்கம். கையிலிருந்த துணியைக் கசக்கி முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொள்கிறான்.