ஹவில்தாரின் வீட்டுப்பாடம்

ஓய்வுபெற்ற ஹவில்தார் ஞானசிகாமணிக்கு ராணுவ மருத்துவமனை போர்க் கனவுகளுக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு, மேடை நகைச்சுவை வகுப்பை எழுதிக்கொடுத்திருந்தது. தினமும் வீட்டில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். யாராவது நிஜமாகச் சிரித்தால் மருத்துவமனை கொடுத்த சுவர்க் கருவியில் பச்சை விளக்கு எரியும்.

அன்றும் விறைப்பாக நின்று ஜோக்கைச் சொல்லி முடித்து, "இப்ப சிரிக்கலாம்" என்று உத்தரவிட்டார். மனைவி எஸ்தர் கீழ்ப்படிந்து சிரித்தாள். விளக்கு எரியவில்லை.

"ஜோக்கை விடுங்க. தூக்கத்துல 'எல்லாரும் படுங்க'ன்னு கத்துறீங்களே, முதல்லல்லாம் பயந்தேன். இப்ப தலகாணியோட இறங்கிக் கட்டிலுக்கடியில படுத்துக்கிறேன். நான் போறதுக்குள்ள பூனை அங்க படுத்திருக்கு."

ஹவில்தார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பச்சை விளக்கு எரிந்தது.

கருவி பேசியது: "நாளையிலிருந்து வகுப்புக்கு அம்மாவும் வரணும். பூனையைப் பிறகு பார்த்துக்கலாம்."