மேனேஜருக்குப் பத்து நாள் மருந்து

"மறுபடி படி. ஒவ்வொரு எழுத்தா படி."

"அக்கா, இது மூணாவது தடவை. நாம படிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுக்குத் தானா குணமாயிடும் போலிருக்கு."

"குணமானா நல்லதுதான். நீ படி."

தங்கை பழுப்பு நிற மருந்து பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மேசைமேல், பழைய துண்டுக்குள் சுருண்டு கிடந்த கினிப்பன்றி ஒரு தும்மல் போட்டது.

அக்காவின் மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன செல்லம் அது. உட்கார்ந்த இடத்திலேயே தின்றுவிட்டு, நேரம் தவறினால் கீச்சுக் கீச்சென்று அதட்டுவதால் மேனேஜர் என்று பெயர் வாங்கியிருந்தது. இரண்டு நாளாக அதட்டல் இல்லை. கேரட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா அதை மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருந்து குறைந்தால் கேட்காது, கூடினால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா வேறு பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

அக்காவும் தங்கையும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அந்த வார்டில் ஒருத்தி லேபிளைப் படிக்க வேண்டும், இன்னொருத்தி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மருந்து நோயாளியிடம் போகும். தனியாக ஒரு சொட்டுக் கொடுக்கவும் அக்காவுக்குக் கை வராது. அதனால்தான் இன்று காலை, எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுத் தங்கையின் கதவைப் போய்த் தட்டினாள்.

பேச்சு நின்றதும் ஒரு லேபிளால்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், "இவ ஒரு தடவை மருந்து பேரைத் தப்பாப் படிச்சா, நான்தான் பிடிச்சேன்" என்று பத்துப் பேர் முன்னால் அக்கா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "நானா? என் சர்வீஸ்ல ஒரு எழுத்து தப்பாப் படிச்சதில்ல!" என்று தங்கை விருட்டென்று எழுந்து போனாள். அன்றைக்கு மூடிய எதிர்வீட்டு ஜன்னல் திரை அப்புறம் விலகவேயில்லை.

"பேஷண்ட், கினிப்பன்றி. ஆண். எடை எண்ணூத்தி இருபது கிராம்."

"எண்ணூத்தி இருபது."

"ஒரு வேளைக்குப் பாயிண்ட் நாலு எம்.எல்."

"பாயிண்ட் நாலு. வெறும் நாலு இல்ல."

"வெறும் நாலுன்னு இப்ப யார் சொன்னா? ஆரம்பிச்சுட்டியா?"

"சரி சரி, மேல படி தாயே."

"ஒரு நாளைக்கு ரெண்டு வேளை." தங்கை பாட்டிலைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். "பத்து நாளைக்கு."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பத்து நாளைக்கு" என்று திருப்பிச் சொன்னாள்.

ஊசியில்லாத சிரிஞ்சில் ரோஸ் நிற மருந்தை இழுத்து, இருவரும் கோட்டைப் பார்த்து, வாயோரமாக விட்டார்கள். மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

காலை ஏழு மணி, மாலை ஏழு மணி. தங்கை ஒரு நிமிஷம் பிந்தவில்லை. முதல் நாள் வந்த வேலை முடிந்ததும் செருப்பை மாட்டினாள். இரண்டாம் நாள் காபி குடித்தாள். மூன்றாம் நாள் மேனேஜர் கேரட்டைக் கடித்தபோது இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினார்கள். ஐந்தாம் நாள் அவர் பழையபடி அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆறாம் நாள் காலை, "மருந்தை நானே எடுத்து வெச்சுட்டேன், லேட்டாயிடக் கூடாதேன்னு" என்று அக்கா சிரிஞ்சை நீட்டினாள். இன்னொரு ஆள் பார்க்காமல் மருந்தை இழுப்பது பெரிய குற்றம். தங்கை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அக்காவுக்குத் திக்கென்றது.

"பாயிண்ட் நாலு. சரியா இருக்கு" என்றாள் தங்கை. மேனேஜர் சப்புக்கொட்டிக் குடித்தார்.

எட்டாம் நாள் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே தங்கை, "கல்யாண வீட்ல நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றாள்.

"கூடாதுதான். எல்லாம் என் வாய்க்கொழுப்பு."

அவ்வளவுதான். எட்டு மாதக் கோபம் அந்த டம்ளர் தண்ணீரோடு போய்விட்டது. அக்காவுக்கு மனசு நிறைந்திருந்தது.

பதினோராம் நாள் இருவருமாக மேனேஜரைக் கூடையில் வைத்து டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனார்கள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பல்லைப் பார்த்தார். எடை முப்பது கிராம் ஏறியிருந்தது.

"சளி சுத்தமா போயிடுச்சு. மருந்தை எப்ப நிறுத்தினீங்க?"

"நேத்து சாயந்திரம்தான். பத்து நாளும் ஒரு வேளை தவறல" என்றாள் அக்கா பெருமையாக.

டாக்டரம்மா கூடையில் கிடந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார். "பத்து நாளா? அம்மா, அஞ்சு நாள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு! நான் குடுத்ததே அஞ்சு நாளைக்குத்தான். யார் இதைப் படிச்சது?"

"நான்" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"யார் சரிபார்த்தது?"

"நான்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மாவுக்கு வேர்த்துவிட்டது. "ஐயையோ, அப்ப ஆறாம் நாள்லேர்ந்து இதுக்கு என்னதான் குடுத்தீங்க?"

"தண்ணி!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். சொன்ன பிறகுதான் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.