வெள்ளத்துக்கு ஒரு மிஸ்டு கால்

பாளையங்கோட்டையில் மாவுமில் மாடியிலிருக்கும் அந்த மென்பொருள் அலுவலகத்தின் ஜன்னலை மழை அறைந்துகொண்டிருக்கிறது. அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் இருட்டுவதற்குள் மேடேறியாக வேண்டும். அவர்களை எச்சரிக்க கிரீஷ் எழுதிய செயலி, வரைபடமும் வண்ணமுமாகத் திரையில் ஜொலிக்கிறது. அது அனுப்பிய குறுஞ்செய்தியை மட்டும் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. புரோகிராமர்களிடையே ‘ஹேக்கர்’ என்பது, சாமர்த்தியமாகக் குறுக்குவழி கண்டுபிடிப்பவருக்கு இன்னொரு புரோகிராமர் மனசார வைக்கவேண்டிய பேர். காத்திருக்கப் பொறுமையில்லாமல் முகநூலில் அதைத் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கிரீஷ், தொப்பி வைத்த கறுப்புப் பனியனுக்குள் வியர்க்கிறான். “மெசேஜ எவன்லே படிக்கான்?” என்று பக்கத்து மேஜை ஸ்வீட்லின் முறுக்கைக் கடித்தபடி நாலைந்து வரி நிரல் தட்டுகிறாள். “மிஸ்டு கால் குடு. நம்மூர்க்காரன் சும்மா விடுவானா?” அவள் கணினி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுகிறது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். பிறகு திரும்ப அழைப்புகள் மளமளவென்று வந்து விழுகின்றன. ஸ்பீக்கரில் ஒரு குரல் அதட்டுகிறது: “யாருவே அது, கூப்பிட்டுட்டு வைக்கது?” ஸ்வீட்லின் பதிந்துவைத்த குரல் பதில் சொல்கிறது: “ஆத்துல வெள்ளம் வருது. உடனே மேட்டுக்குப் போங்க.” அந்தக் குரல் வீட்டுக்குள் திரும்பிக் கத்துகிறது: “ஏட்டி, பிள்ளையளத் தூக்கு!” கதவு அடிபடுகிறது, கால்கள் ஓடுகின்றன. கிரீஷ் எழுந்துவந்து அந்த நாலைந்து வரியைப் படிக்கிறான். மறுபடியும் படிக்கிறான். தன்னை மறந்து சிரிக்கிறான். “நீ ஹேக்கர்லா!” அவள் திரும்பவில்லை. “பேசாம இருலே. இன்னும் செல பேரு கூப்பிடல” என்று அந்த எண்களுக்கு மறுபடி அடிக்கிறாள்.