பேரு சொல்லுங்க

"பேரு சொல்லுங்க."

கையில் ஊசி மருந்தோடு நர்ஸ் ரேணுகாம்பாள் கேட்டாள். ஜன்னலோர எட்டாம் நம்பர் கட்டிலில் கால் கட்டோடு படுத்திருந்த மாணிக்கவேல் சிரித்தார்.

"சார்ட்ல எழுதியிருக்குதே சிஸ்டர். நீங்களே படிங்க."

"நான் படிக்கக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

"ஏன், படிச்சா என்னா?"

"நான் ஒரு பேரைச் சொல்லி 'நீங்கதானே'ன்னு கேட்டா, தூக்கக் கலக்கத்துல யாரா இருந்தாலும் 'ம்'முன்னுதான் சொல்வாங்க. அடுத்தவங்க மருந்து உங்க உடம்புல ஏறிடும். இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான் கேட்டுக்கினு இருக்கேன். சொல்லுங்க."

மாணிக்கவேல் டவுன் பஸ் டிரைவர். காலில் ஆணி குத்தி, சீழ் வைத்து, கீறிச் சுத்தம் செய்து இரண்டு நாளாகிறது. அந்த இரண்டு நாளும் ஒவ்வொரு ஊசிக்கும் இதே நாடகம்தான். மற்ற நர்ஸுகள் கேட்டால் இனிஷியலோடு பெயரைச் சொல்லி, செவிலிமேட்டில் எந்தத் தெரு என்பது வரைக்கும் ஒப்பிப்பார். ரேணுகாம்பாள் வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. கடைசியில் அவள் முகம் கடுகடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான், "மாணிக்கவேல், போதுமா?" என்று இறங்கி வருவார்.

அடுத்த கேள்வி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. அதில் மட்டும் அவர் விளையாட மாட்டார். "பென்சிலின்" என்று உடனே சொல்லிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலுக்கு எங்கேயோ போட்டுக்கொண்ட பென்சிலின் ஊசியில், ஐந்தே நிமிடத்தில் முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. பிழைத்தது மறுபிறவி. இன்னொரு தடவை அந்த மருந்து உள்ளே போனால் தாங்காது என்று டாக்டர் எழுதியே வைத்திருந்தார். அதற்கு அடையாளமாக அவர் இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டியவள் ரேணுகாம்பாள்தான். கட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள்.

ஊசி போட்டுவிட்டு அவள் நகர்ந்ததும், பக்கத்து ஏழாம் நம்பர் கட்டில் தர்மன் மெதுவாகக் கேட்டார். தர்மன் சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர், வயதில் மூத்தவர்.

"ஏம்பா, அந்தம்மாகிட்ட மட்டும் ஏன் வம்பு வளக்கற?"

"அவங்க வாயால ஒரு தடவை படிக்க வெக்கணும் அண்ணே. அவ்ளோதான்."

மனுஷனுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று தர்மன் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வரதருக்குக் கருட சேவை. ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் பெருமாள் போவார். பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை, இந்த வருடம் இப்படி ஆகிவிட்டதே என்று தர்மன் விடிந்ததிலிருந்து புலம்பினார். மாணிக்கவேலுக்கு மனசு கேட்கவில்லை. ஒற்றைக் காலில் நொண்டியபடி எழுந்து, தர்மனைத் தன் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, ஏழாம் நம்பரில் தான் படுத்துக்கொண்டார். இரவெல்லாம் கால் வலியில் தூங்காதவர். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டதும் கண் சொக்கிவிட்டது.

எட்டு மணிக்கு நதியா ஊசியோடு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான பெண். கையில் இருந்தது ஏழாம் நம்பர் தர்மனுக்கான மருந்து. பென்சிலின்.

அந்த நேரம் பார்த்துப் பெருமாள் தெருவுக்குள் திரும்பினார். மேளச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தர்மன் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, உலகத்தையே மறந்திருந்தார். நதியா கட்டில் நம்பரைப் பார்த்தாள், சார்ட்டைப் பார்த்தாள்.

"தர்மன்தானே?"

போர்வைக்குள்ளிருந்து "ம்" என்று வந்தது.

மருந்து ஏற்றும் குழாய் பொருத்தியிருந்த வலது கையை அவள் வெளியே எடுத்தாள். சிவப்புப் பட்டை கட்டிய இடது கை போர்வைக்குள்ளேயே கிடந்தது.

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்த ரேணுகாம்பாள், ஏழாம் நம்பர் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால் கட்டைப் பார்த்தாள். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"நதியா, போடாதே!"

மேளம் அதை விழுங்கிவிட்டது.

"ஏங்க! ஏங்க!"

வார்டில் இருந்த ஆண்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. ஊசியின் நுனி குழாயைத் தொட்டுவிட்டது.

"மாணிக்கவேல்! கையை இழு!"

அப்படி ஒரு குரல் அவளுக்கு இருக்கிறதென்று அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. மாணிக்கவேல் தூக்கிப் போட்டாற்போல் கையை உதறினார். ஊசி கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. ஒரு சொட்டு மருந்துகூட உள்ளே போகவில்லை.

நதியா குனிந்து ஊசியைத் தேடினாள். ரேணுகாம்பாள் அவளைத் திட்டவில்லை. இனிமேல் நீயாகப் பெயரைச் சொல்லாதே, அவர்களைச் சொல்ல வை என்று மட்டும் சொன்னாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாணிக்கவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

தர்மனுக்குக் கோபமே வந்துவிட்டது. "உசுரு போவப் பாத்துது. என்னாபா சிரிச்சிக்கினு கெடக்கற?"

"சிரிக்காம என்னா பண்றது அண்ணே? தாலி கட்டி முப்பத்தொரு வருஷம் ஆவுது. இன்னிக்குத்தான் என் பொண்டாட்டி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கா."