பன்னிரண்டாவது கையெழுத்து

"இது உங்க அம்மா கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

துணை முதல்வரின் கண்ணைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. நடுவில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து, உலகத்திலேயே இல்லாத மாமாவின் கையெழுத்து என்று இருபது வருடங்களில் அவர் பிடித்த போலிகள் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வேலை அவருக்குக் கரும்பு தின்பது மாதிரி.

மேஜைமேல் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் மதிப்பெண் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொரு கையெழுத்துகள். எல்லாவற்றிலும் ஒரே சாய்வு, கடைசியில் ஒரே சுழி. பன்னிரண்டாவது மட்டும் வரியிலிருந்து கீழே இறங்கி, கோணல்மாணலாக நடுங்கிக்கொண்டு கிடந்தது. போதாக்குறைக்கு அந்த அட்டையில்தான் கணக்குக்கு முப்பத்தொரு மதிப்பெண்.

"மார்க் குறைஞ்ச அட்டையில மட்டும் கையெழுத்து மாறியிருக்கு. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு எனக்குத் தெரியும்மா. உனக்குத்தான் தெரியல."

பெண் தரையைப் பார்த்தாள்.

"விதி பதினாலு என்ன சொல்லுது? பெத்தவங்க கையெழுத்தை நீயே போட்டா ஒரு மாசம் சஸ்பெண்ட். ஆண்டுத் தேர்வு அடுத்த வாரம். ஒரு வருஷம் போச்சு. இப்பவே ஒத்துக்கோ, ஒரு மன்னிப்புக் கடிதத்தோட விட்டுடறேன்."

"நான் போடல மேடம். எதை ஒத்துக்கறது?"

சரியான கல்லுளிமங்கி என்று நினைத்துக்கொண்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. இதுவரை ஒரு புகாரும் வராத பெண். வயது பதினாலு ஆனதும் எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் புத்தி!

கதவைத் தட்டிவிட்டு அம்மா வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நீலச் சீருடை. முழங்கை வரை இன்னும் ஈரம். நாலு வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குள் அவள் வருவது இதுவே முதல் தடவை.

"உட்காருங்கம்மா."

"பரவாயில்லைங்க. அரை மணி நேரம் சொல்லிட்டு ஓடி வந்தேன். என்ன பண்ணிட்டா?"

"உங்க கையெழுத்தைப் போட்டிருக்கா."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையாட்டினாள்.

"அங்க என்ன ஜாடை? நீங்க என்னைப் பாருங்க. பெத்த பாசத்துல மூடி மறைக்காதீங்க. இன்னிக்குக் கையெழுத்து, நாளைக்கு என்னவோ?"

"பரீட்சை எழுத விட மாட்டீங்களா மேடம்?"

"பொய் சொன்னா விட மாட்டேன்."

"உண்மையைச் சொன்னா?"

"தாராளமா எழுதட்டும். அது என் பொறுப்பு."

"அம்மா, வேணாம்மா," என்றாள் மகள். அதுவரை கல் மாதிரி நின்றவள் குரல் இப்போது உடைந்தது. ஆள் அகப்பட்டுவிட்டாள் என்று பூதக்கண்ணாடிக்கு நிச்சயமாகிவிட்டது.

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "இதுல உங்க கையெழுத்தைப் போடுங்க. பால் எது, தண்ணி எதுன்னு தெரிஞ்சுடும்."

அம்மா கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் கவிழ்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். மூன்று எழுத்துப் பெயருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

துணை முதல்வர் தாளை வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். வரியிலிருந்து இறங்கிய அதே கோணல். அதே நடுக்கம்.

"அப்படின்னா... இந்தப் பதினொண்ணு?"

"அதெல்லாம் இவ போட்டதுங்க. எழுதப் படிக்கத் தெரியாதவன்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நான்தான் போடச் சொன்னேன். போன மாசம் உங்க நன்னெறி வகுப்பைக் கேட்டுட்டு வந்தவ, இனிமே பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னு, என் பேரை எழுதச் சொல்லிக்குடுத்து, பேனாவை என் கையில குடுத்துட்டா. நான் பொறந்து முதமுதல்ல போட்ட கையெழுத்து அந்தக் கோணல்தாங்க."